தூக்குப்போசியின் காது

சித்த நவுந்து உக்காருங்க அம்மணி. இந்தப் பைய மட்டும் மடியில வெச்சுக்கறேன், மேல வெச்சா ஆகாதுங்க. என்ன லொடலொடங்குதுன்னு பாக்கறீங்களா? குண்டு கிண்டெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க. ஒரு தூக்குப்போசி, பால் வாங்கற தூக்குவாளிங்க. அதுல கைப்பிடி மாட்டற காது ஒண்ணு தனியாக் கெடக்குது, அதுதான் சத்தம். நீங்க எதுவரைக்குங்க, பொள்ளாச்சியா கோயமுத்தூரா? கோயமுத்தூரா, அப்பச் சரியாப் போச்சு. நானும் உக்கடம் வரைக்கும் வர்றனுங்க. பேச்சுத்தொணைக்கு ஆளாச்சு. எம் பேச்சு வேண்டாம்னா ஜன்னல் பக்கமாத் தலையச் சாச்சுக்கங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனாப் பேசறத நிறுத்தவும் மாட்டேன்.

சிரிக்காமக் கேட்டீங்கன்னாச் சொல்றேன். நான் இன்னிக்குப் போறது ஒரு மானங்கெட்ட காரியத்துக்குங்க. என்ற பேரு சாந்தாமணி. உடுமலையில எங்க வீதிக்கு வந்து ‘வெள்ளிப்பத்து சாந்தாமணி ஊடு எது’ன்னு கேட்டீங்கன்னா நாய் கூட வழி காட்டும். அப்பேர்ப்பட்டவ, என்ற கையால வெச்ச பத்து நிக்கலைன்னு, உக்கடத்துல எவனோ ஒரு ஆர்கான் வெல்டிங்காரங்கிட்ட இந்தப் போசியக் கொண்டுபோய் நீட்டப் போறனுங்க. ‘தம்பி, என்னால ஆகல, நீ ஒட்டிக் குடு’ன்னு சொல்லோணும். ஸ்டாண்டுல இருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வர்றேன், வாய்ல வர மாட்டேங்குது.

வெள்ளிப்பத்துன்னாத் தெரியுங்களா? எவர்சில்வர் சாமான்ல மூக்கு, காது, கைப்பிடி எதாச்சும் பேந்து வந்துருச்சுன்னு வைங்க. அத கேஸ் நெருப்புல காயவெச்சு, ரெண்டுக்கும் நடுவுல வெள்ளி கலந்த கம்பிய உருக்கி ஓட உட்டு ஒட்டறதுங்க. பித்தள, செம்புன்னாச் சுளுவு, எவன் வேணாப் பண்ணுவான். எவர்சில்வர் இருக்குதே, அது ராங்கி புடிச்சது. சூட்ட ஓட உடாது. ஒரே எடத்துல நெருப்பக் காட்டுனா அங்கயே பொசுங்கி நிக்கும், பக்கத்து எடத்துக்குச் சேதியே போகாது. அதுனால மொதல்ல எமரி தாள் போட்டு நல்லாத் தேய்க்கோணும். அப்பறம் பிளக்ஸ்னு ஒரு பசை, அதப் பூசோணும். அப்பறம் நெருப்ப நிறுத்தாமச் சுத்திச் சுத்திக் காட்டோணும், கொழந்தைக்குச் சோறூட்டற மாதர, ஏமாத்தி ஏமாத்தி. பசை மொதல்ல பொங்கும், வெள்ளையா நிக்கும், அப்பறம் திடீர்னு கண்ணாடியாட்டத் தெளிஞ்சுரும். தகடு லேசாச் செவக்கும். அந்த நேரம் கம்பிய ஓரத்துல தொட்டாப் போதுமுங்க. சர்ருனு ஓடி உள்ள போயிரும்! ஒரு தலமயிரு நொழையற சந்துதான் இருக்கும், அதுக்குள்ள சுத்திக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கும். இருவத்தி ரெண்டு வருசம் கம்பெனியில கம்ப்ரசர் பைப்புக்கு இதே வேலைதான் பண்ணுனேன். அது ஓடறப்ப எனக்குக் கெக்கெக்கேன்னு சிரிப்பு வந்துருமுங்க. சூப்பர்வைசர் கேப்பான், ‘என்னக்கா, யாராச்சும் கிச்சுக்கிச்சு மூட்டறாங்களா’ன்னு. ஆமாண்டான்னுவேன்.

நான் வெச்ச பைப்பு ஒண்ணு லீக்குன்னு திரும்பி வந்ததில்லீங்க. ஒண்ணு கூட இல்ல. அப்பறம் மிசின் வந்துச்சு, பொம்பளைங்களயெல்லாம் மாலையப் போட்டு அனுப்பிச்சுட்டாங்க. நான் என்ன மூலையில உக்காந்து அழுதுக்கிட்டா இருந்தேன்? ஊட்டுக்குப் பொறகால பொடக்காளியில, துணி தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல ரெண்டு தகரம் போட்டேன். சூளைக்கல்லு அடுக்கி, சின்ன சிலிண்டரு, நெருப்பு ஊதற டார்ச்சு, பொகை போறதுக்கு ஒரு பழைய பேனு. அவ்வளவுதானுங்க பட்டறை. சோத்துச் சாமானுக்கு வெசம் கலந்த கம்பி ஆகாதுன்னு நல்ல கம்பியாப் பாத்து வாங்கி வெச்சிருக்கறேன். ஊட்டுக்காரரு போய்ப் பதினோரு வருசமாச்சு. நல்ல மனுசன். பொண்ணு திருப்பூர்ல குடும்பமா இருக்குது. நான் தனியாத்தான் இருக்கறேன், ஆனாத் தனியா இருக்கற மாதரயே தெரியாதுங்க. எந்நேரமும் யாராச்சும் ஒரு பேந்த சாமானத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. என்ற காலம் நல்லாப் போயிட்டு இருந்துச்சு. அதுல வந்து சேந்துச்சுங்க, இந்தக் கெரகம் புடிச்ச தூக்குப்போசி.

பங்குனி மாசம். நாலு மணி இருக்கும். திருமூர்த்தி சார்னு ஒருத்தரு, பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவரு, ரெண்டு வீதி தள்ளித்தான் ஊடு. அவரு சம்சாரமும் தவறி நாலு வருசமாச்சு. அந்த மனுசன் இந்தப் போசியத் தூக்கிட்டு வந்து நின்னாரு. பால் வாங்கப் போறப்ப வலது காது கழண்டு போச்சாம், பால் பூரா ரோட்டுலயாம். பாத்தேன். கடைச்சரக்குங்க, ரெண்டு பொட்டு வெல்டிங் வெச்சு ஒப்பேத்தியிருக்கறான். ‘உக்காருங்க சார், அரை மணி நேரம்’ன்னேன். அங்கயே தொவைக்கற கல்லு மேல உக்காந்துட்டாரு. தேய்ச்சேன், பசை பூசுனேன், காயவெச்சேன், கம்பியத் தொட்டேன். சர்ருனு ஓடிச்சா? அந்த மனுசன் ‘அட!’ன்னாருங்க.

அம்மணி, அந்த ‘அட’வ நீங்க கேட்டிருக்கோணும். இருவத்தி ரெண்டு வருசத்துல என்ற பத்தப் பாத்து ஓக்கேன்னு ஸ்டாம்பு குத்துனாங்க, சம்பளம் குடுத்தாங்க, ஒருத்தராச்சும் ‘அட’ன்னாங்களா? இல்ல. இவரு சொன்னாரு. சொல்லிப்போட்டு எந்திருச்சு வந்து குனிஞ்சு பாக்கறாரு. ‘கம்பி தானா உள்ள போகுதுங்களே, யாரு இழுக்கறாங்க?’ங்கறாரு. எனக்கு ஒரே குசியாப் போச்சு. ஆறுனதும் அந்தக் காதுல கவுறு கட்டி இருவது லிட்டர் தண்ணிக் கேனத் தொங்க உட்டுக் காமிச்சேன். ‘பாத்தீங்களா சார், யானை கட்டி இழுத்தாலும் வராது’ன்னேன். ‘அப்ப இது எப்பத்தானுங்க உடும்?’னு கேட்டாரு. நான் சொன்னேன், ‘மறுபடி இதே மாதர செவக்கக் காயோணும் சார். அடுப்பு நெருப்புல காதக் காட்டிப் பத்து நிமிசம் புடிச்சீங்கன்னா உருகி வந்துரும். அத எந்தக் கிறுக்கன் பண்ணுவான்?’னு. ‘ஆமாமா, எவன் பண்ணுவான்’ன்னாரு. போசியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. நானும் மறந்துட்டேன்.

பதினஞ்சே நாளுங்க. நாலு மணி பத்து நிமிசம். போசியோட வந்து நிக்கறாரு. அதே வலது காது, தனியா.

எனக்குக் கண்ணே இருட்டிருச்சு. என்ற பத்து உட்டுப் போறதாவது! வாங்கிப் பாத்தா, ஒடையவும் இல்ல, கிழியவும் இல்ல, உருகி அலுங்காம வந்திருக்குது. சுத்தியும் நீலம் பாரிச்சுக் கெடக்குது. எவர்சில்வர் அதிகமாக் காஞ்சா அப்படித்தானுங்க, மொதல்ல வைக்கோல் நெறம், அப்பறம் செவப்பு, அப்பறம் நீலம். ‘சார், இத அடுப்புல வெச்சீங்களா?’ன்னேன். மனுசன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ‘பால் காய வெச்சுட்டு மறந்துட்டனுங்க’ன்னாரு. புடிச்சேன் பாருங்க ஒரு புடி! தூக்குப்போசிய யாராச்சும் அடுப்புல வெப்பாங்களா, பொம்பளை இல்லாத ஊடுன்னா இப்படியா, நெருப்பு கிருப்புப் புடிச்சா என்ன ஆகறதுன்னு, அரை மணி நேரம். அவரு பாட்டுக்கு ஆமாங்க, தப்புதானுங்க, இனிமே மாட்டனுங்கன்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கறாரு. மொகத்துல ஒரு வருத்தம் இருக்கோணுமே? இல்லீங்க. பாட்டுக் கச்சேரி கேக்கற மாதர இருக்கறாரு.

திருப்பிப் பத்து வெச்சுக் குடுத்தேன். காசு வேண்டாம்னுட்டேன். பத்து நாளு. மணி நாலு பத்து. இந்தத் தடவ எடது காது.

அது கடைக்காரன் வெச்ச பொட்டு வெல்டிங்குதான், உட்டதுல அதிசயமில்ல. சரின்னு அதுக்கும் வெள்ளிப்பத்து வெச்சேன். அடுத்த வாரம் மறுபடி எடது. அப்பறம் வலது, அப்பறம் மறுபடி எடது. நீலம் பாரிச்சு, நீலம் பாரிச்சு. நான் வைய, அவரு கேக்க. ‘மறந்துட்டனுங்க, மறந்துட்டனுங்க.’ முப்பத்தோரு வருசம் எந்த பஸ் எத்தன மணிக்குப் பொறப்படும்னு வாய்ப்பாடாட்டச் சொன்ன மனுசன், ஒரு அடுப்ப அணைக்க மறந்துட்டேங்கறாருங்க! எனக்குப் பாவமாப் போச்சு. நானே கடைவீதிக்குப் போய் ஒரு பால் குக்கர் வாங்கிக் குடுத்தேன். விசிலடிக்குமல்ல, மறக்க முடியாதல்ல. ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனாரு. அடுத்த வாரம் பாத்தா, நாலு பத்துக்கு பொடக்காளிப் படல்ல நிக்கறாரு. வலது காது. ‘குக்கர் என்னாச்சு சார்?’ன்னா, ‘அது புதுசுங்க, அலமாரியில வெச்சிருக்கறனுங்க’ங்கறாரு. இந்த மனுசன வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது!

எதுத்த ஊட்டுல பழனாத்தாக்கான்னு ஒண்ணு இருக்குதுங்க. அது கேக்குது, ‘ஏஞ் சாந்தா, டைம் கீப்பரு ஊட்டுல மொத்தமே ஒரு போசிதான் இருக்குதா?’ன்னு. ‘ஆமாங்கக்கா, பாவம்’னேன். அது என்னமோ மோட்டுவளையப் பாத்துச் சிரிச்சுச்சு. அதுக்கு எப்பவுமே லொள்ளுதானுங்க.

ஒண்ணு சொல்லோணும், அவரு உக்காந்திருந்தா எனக்கு வேலை ஓடுமுங்க. ஆனியில காத்து அடிச்சுச்சு பாருங்க, நம்ம பக்கத்துக் காத்து, டார்ச்சு நெருப்பப் புடுங்கிட்டுப் போயிரும். அவரு ஒரு பலகையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுக் காத்துக்கு எதுத்தாப்ல நிப்பாரு. கை கடுக்கலையான்னு கேட்டா, ‘திருப்பூர் வண்டி வர்ற வரைக்கும் நிப்பனுங்க’ம்பாரு. எந்தத் திருப்பூர் வண்டி? சும்மா சொல்றதுதான். ‘நாலு அம்பதுக்குப் பொறப்படறனுங்க’ம்பாரு, அஞ்சரைக்குத்தான் எந்திரிப்பாரு. ‘என்ன சார், வண்டி லேட்டா?’ன்னா, ‘ரூட்டுல கூட்டம் ஜாஸ்திங்க’ம்பாரு. நான் சிரிச்சுச் சிரிச்சுக் கம்பியத் தப்பா வெச்ச நாளெல்லாம் உண்டுங்க.

ஏனுங்க அம்மணி, அப்படிப் பாக்கறீங்க? அட, நீங்க நெனைக்கற மாதரயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எனக்கு அம்பத்தி மூணு, அவருக்கு அறுவத்தி ஒண்ணு. நான் நாலு மணிக்கு மேல பட்டறையத் தொறக்கறது அவருக்காக இல்லீங்க. வெயில் சாஞ்சாத்தான் தகடு செவக்கறது கண்ணுக்குத் தெரியும், உச்சி வெயில்ல தெரியாது. அது தொழில். அந்தக் கனகாம்பரக் கலர் சேலையக் கட்டுனதும், பொட்டியில கெடந்து மடிப்பு உட்டுப் போகுதேன்னுதான். நெருப்பு வேலைக்கு நூல் சேலைதான் நல்லது. ரெண்டாவதா ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டது, வர்றவங்க போறவங்க உக்காரோணுமல்ல? வர்றவங்கெல்லாம் நின்னுக்கிட்டேதான் பேசறாங்கங்கறது வேற விசயம். காப்பிக்கு ரெண்டு டம்ளர் கழுவி வெக்கறதும், ஒண்ண மட்டும் வெச்சா நல்லாவா இருக்கும்?

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வியாழக்கெழம. ஆடி பொறந்து காத்து பேயாட்டம் ஆடுது. மறுபடி வந்தாரு, மறுபடி காது. என்ற பத்து உட்டு இது ஆறாவது தடவைங்க! ஆறு! எனக்கு அன்னைக்குக் காலையில இருந்தே எரிச்சலு. ஒருத்தன் வந்து குக்கர் மூடிய நீட்டி, ‘அக்கா, உங்க பத்து நிக்காதாமே, டைம் கீப்பரு போசி மாசம் ரெண்டு தடவ உட்டுருதாமே’ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். அம்மணி, என்ற நெஞ்சுல கத்திய எறக்குன மாதர இருந்துச்சு. என்கிட்ட வேற என்னங்க இருக்குது? இந்தக் கை ஒண்ணுதான். சாந்தாமணி வெச்சா நிக்கும்ங்கற பேரு ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் யாருங்க?

அந்த நேரம் பாத்து இவரு வந்து கல்லு மேல உக்காந்து சொல்றாரு. ‘ஓசூர்ல இருக்கற தம்பி அவங்கூட வந்து இருக்கச் சொல்றானுங்க. மாடியில ரூம் போட்டுட்டானாம். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு வர்றேங்கறான். ஒட்டுக்கா ஊட்டக் காலி பண்ணிட்டு வந்துருங்கறான்.’ சொல்லிப்போட்டு என்ற மூஞ்சியப் பாக்கறாரு. ‘போலாமுங்களா?’ங்கறாரு.

எங்கிட்ட எதுக்குங்க கேக்கோணும்? நான் என்ன அவரு தம்பியா, ரூம் போட்டவளா? எனக்கிருந்த ஆத்தரத்துல சொன்னேன், ‘போங்க சார், தாராளமாப் போங்க. அங்கயாச்சும் அடுப்பப் பாத்துக்க ஆள் இருக்கும். என்ற பேராச்சும் மிஞ்சும்’னு. அவரு காப்பியக் குடிச்சாரு. டம்ளரக் கழுவிக் கவுத்து வெச்சாரு. ‘போசி இங்கயே இருக்கட்டுங்க’ன்னாரு. எந்திருச்சாரு. மணி பாத்தேன், கரெக்டா நாலு அம்பது. நாலு மாசத்துல அன்னிக்குத்தானுங்க சொன்ன நேரத்துக்குப் பொறப்பட்டாரு.

அதுல இருந்து எனக்கு ஒடம்பு சொகமில்லீங்க. சோறு எறங்க மாட்டேங்குது. வாயுக் கோளாறுதான், சீரகத் தண்ணி குடிச்சும் கேக்கல. வெள்ளிக்கெழம டார்ச்சப் பத்த வெச்சேன், இந்தக் காத ஒட்டலாம்னு. பசை கருகிப்போச்சு. கம்பி உருண்டு உருண்டு கீழ உழுகுது, ஓடவே மாட்டேங்குது. சனிக்கெழம மறுபடி, மறுபடி கருகல். புதுசாச் சேந்த புள்ள கூட அப்படிப் பண்ணாது. நாலு மணிக்கு எந்திருச்சு எந்திருச்சு பொடக்காளி வாசலப் பாக்கறேன், எதுக்குப் பாக்கறேன்னு எனக்கே தெரியல. காத்துல படலு ஆடுதோன்னு பாத்திருப்பேன்.

அப்பறந்தான் முடிவு பண்ணுனேன். வெள்ளிப்பத்துன்னாத்தானே அடுப்பு நெருப்புல உருகும்? ஆர்கான் வெல்டிங் வெச்சுட்டா எவர்சில்வரும் எவர்சில்வரும் ஒண்ணாக் கலந்துரும், எந்த அடுப்புலயும் உருகாது. மானம் போனாப் போகுதுன்னு, அத வெச்சு, பாலிஷ் போட்டு, அவரு ஓசூருக்குப் போறதுக்குள்ள கையில குடுத்துரோணும். அங்க போய் ஒரு நாள் காது உட்டு, அந்தத் தம்பி ஊட்டுக்காரங்க ‘இத எவ ஒட்டுனா’ன்னு கேக்கக் கூடாது. இனி ஜென்மத்துக்கும் அது கழலக் கூடாதுங்க. அதுக்குத்தான் இந்தப் பயணம். இன்னிக்குப் புதன். இன்னும் நாலே நாளு.

பாக்கோணுங்களா? பாருங்க, பாருங்க, இதுல என்ன ரகசியம். இந்தா, இதுதான் போசி, இது காது. இந்த நீலத்தப் பாத்தீங்களா? ரூவாக்காசு அகலத்துக்கு, காதச் சுத்தி மட்டும். எவ்வளவு காஞ்சிருந்தா இப்படிப் பாரிக்கும்! ஏனுங்க, அடிய ஏன் திருப்பிப் பாக்கறீங்க? பத்து மேல இருக்குதுங்க, அடியில ஒண்ணும் இல்ல.

என்னங்க சொன்னீங்க?

அடி புதுசாட்ட இருக்குதுன்னா? பால் காஞ்ச அடையாளமே இல்லைன்னா? அது எப்படி இல்லாமப் போகும், அடுப்புல வெச்சா மொதல்ல காயறது அடிதானே. அடி கருகி, நீலம் பாரிச்சு, அதுக்கப்பறந்தான் சூடு மேல காதுக்கு... எவர்சில்வர்ல சூடு அவ்வளவு சுளுவா ஏறவும் ஏறாது. குடுங்க இப்படி.

இல்லையே.

அம்மணி, கடைசல் போட்ட வரி கூட வட்ட வட்டமா அப்படியே இருக்குதுங்களே. பாலாட ஒட்டுன கறை இல்ல, கருப்பு இல்ல, ஒண்ணுமே இல்ல. இது ஒரு நாளும் அடுப்புல உக்காந்ததே இல்லீங்க! இத்தன தடவ என்ற கைக்கு வந்திருக்குது, நான் ஒரு தடவ கூட அடியத் திருப்பிப் பாக்கலீங்க. பத்து வெக்கறவ கண்ணு பத்து மேலதான் போகும். அது எங்க தொழில் புத்தி.

இருங்க, இருங்க. அடி காயல, காது மட்டும் காஞ்சிருக்குது. அப்படின்னா இதச் சாச்சுப் புடிக்கோணும். காது கீழ வர்ற மாதர, இப்படி, அடுப்புக்கு நேரா. சும்மா ஒரு நிமிசத்துக்கு ஆகாதுங்க, பத்து நிமிசம், பதினஞ்சு நிமிசம் ஆடாம அசையாமப் புடிச்சுக்கிட்டு நிக்கோணும். செவக்கற வரைக்கும். எந்தக் கிறுக்கன்...

அய்யோ.

அய்யோ அம்மணி. நானேதானுங்க சொல்லிக் குடுத்தேன்.

இல்ல, கொஞ்சம் இருங்க, எனக்கு மூச்சு வாங்குது. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. நானும் சிரிக்கறனா அழுகறனான்னு தெரியல, அந்த முன் சீட்டுக்காரரு வேற திரும்பிப் பாக்கறாரு. ஒண்ணும் இல்லீங்கண்ணா, நீங்க தூங்குங்க! ஆறு தடவைங்க அம்மணி. ஆறு தடவ அந்த மனுசன் அடுப்பு முன்னால நின்னு காயவெச்சுக் கழட்டி, அத ஆறவெச்சு, சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு, நாலு பத்துக்கு வந்து என்கிட்ட வசவு வாங்கியிருக்கறாரு. சும்மா வர முடியாதல்ல? தனியா இருக்கற பொம்பளை ஊட்டுக்கு ஒரு ஆம்பளை எதச் சொல்லிக்கிட்டு வர்றது? பேந்த சாமான் இருந்தா வரலாம். அதுனால பேத்துக்கிட்டு வந்திருக்கறாரு.

என்ற பத்து உடவே இல்லீங்க! புரியுதுங்களா? ஒண்ணு கூட உடல! அவ்வளவு கெட்டியா நின்னிருக்குது, அத எடுக்கறதுக்கு ஒரு மனுசன் அந்தப் பாடு பட்டிருக்கறாரு. எனக்கு இந்த பஸ்ஸுல எந்திருச்சு நின்னு சொல்லோணும் போல இருக்குதுங்க.

ஆனா ஒண்ணு அம்மணி. இப்பத்தான் ஞாபகம் வருது. போன மாசம் வந்தப்ப எடது கை கட்டவெரல்ல துணி சுத்தியிருந்தாரு. அதுக்கு முந்தி ஒரு தடவ உள்ளங்கை செவந்து கொப்புளிச்சுக் கெடந்துச்சு, நான் பாத்தனுங்க, பாத்தேன். என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. நெருப்புல வேலை செய்யறவ நானு, எரிஞ்ச தோலு எப்படி இருக்கும்னு என்னாட்டத் தெரிஞ்சவ யாரு இருக்கறா? போசியோட காதத்தானுங்க பாத்தேன். அந்தக் கையப் பாக்கல. என்ற மூஞ்சியப் பாத்து ‘போலாமுங்களா’ன்னு கேட்ட மனுசன, போங்கன்னுட்டேன்.

வாயுக் கோளாறாம். நல்ல வாயுக் கோளாறு!

எனக்கு எப்படி இருக்குதுன்னு கேக்கறீங்களா? சந்தோசமா இருக்குதுங்க. பயமாவும் இருக்குது. சந்தோசந்தான் ஜாஸ்தி. எந்திருச்சு ஓடலாம் போல இருக்குது. இது எந்த ஊரு, கெடிமேடு தாண்டியாச்சா? தம்பி, கண்டக்டர் தம்பி! நான் உக்கடம் வரலீங்க சாமி, பொள்ளாச்சி ஸ்டாண்டுல எறங்கிக்கறேன். டிக்கெட் போனாப் போகட்டும், திருப்பிக் கேக்க மாட்டேன். உடுமலை வண்டி அடுத்தது எத்தன மணிக்குங்க? அஞ்சு நிமிசத்துலயா, நல்லாயிரு சாமி.

போன் பண்றதாவது! இதெல்லாம் போன்ல பேசற விசயமா? நேராப் போய் அவரு ஊட்டு வாசல்ல நிக்கப் போறேன். என்ன சொல்லுவனா? மொதல்ல கையக் காட்டுங்கன்னு சொல்லுவேன். வெரலு ஆறிருச்சான்னு பாக்கோணும். ஆறாம இருந்தா ஒரு பாட்டம் வைவேன், வையாம என்னால முடியாது, அவருக்கும் அதுதான் புடிக்கும். அப்பறம் தம்பிக்குப் போனப் போட்டு, ஞாயித்துக்கெழம வண்டி வேண்டாம்னு என்ற முன்னாலயே சொல்லச் சொல்லுவேன்.

சித்த கால மடக்கிக்கங்க அம்மணி, ஸ்டாண்டு வந்துருச்சு. இந்தக் காதா? இத நான் ஒட்டப் போறதில்லீங்க. ஒட்டுனா மனுசன் மறுபடி அடுப்புக்கிட்டப் போய் நிப்பாரு. நாளையில இருந்து நாலு பத்துக்குக் கையில ஒண்ணும் இல்லாம, வெறுங்கைய வீசிக்கிட்டு வாங்க சார்னு சொல்லப் போறேன். பொடக்காளி வழியா வேண்டாம், முன்வாசல்ல வாங்க, பழனாத்தாக்கா நல்லாப் பாக்கட்டும்னு சொல்லப் போறேன்.